பச்சை கேட் வீட்டு வாசலில் இரண்டு பிக்குகள்

டியூட்டி டாக்டரை நான் திட்டியது உண்மைதான். ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியை மேஜைமேல் படுக்க வைத்துவிட்டு, வாசலில் நின்று போனில் மனை வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் வேறெப்படிப் பேசுவதாம்? விசாரணை வைத்தார்கள். விசாரித்தது அவரை அல்ல, என்னை. "ஸ்டெல்லா, உனக்கு பி.பி. எகிறிக்கிட்டே போகுது. லீவு போட்டுட்டு எங்கயாவது அமைதியா இருந்துட்டு வா" என்று மேட்ரன் தோளைத் தட்டி அனுப்பினார். அவர் தட்டிய விதத்திலேயே எனக்கு இன்னும் கொஞ்சம் ஏறியது.

வேளாங்கண்ணிக்குப் போகிறேன் என்றேன். "அங்க கியூவுல யாரையாவது அடிச்சிட்டு வருவே" என்றார் என் கணவர். கடைசியில் கூட வேலை பார்க்கும் ஒருத்தி சொன்ன இடத்துக்குப் போவதென்று முடிவானது. விக்கிரவாண்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் புத்த விகாரை இருக்கிறது. எந்த மதத்துக்காரரும் போய்த் தங்கலாம், கண்ணை மூடி உட்காரலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் பக்கத்து ஊர்க்காரர்களெல்லாம் 'நல்லவேளை, நம்ம ஊரு இல்ல' என்று நிம்மதியாகத் தூங்குவார்கள்.

வெளிநாட்டு மடங்களில் தங்கி வந்தவர்கள் எழுதுவதை நானும் படித்திருக்கிறேன். மூங்கில் காடு, மணிச்சத்தம், காலைப் பனி என்று எழுதுவார்கள். எனக்கு வாய்த்தது விக்கிரவாண்டி டோல்கேட். திண்டிவனம் ஸ்டாண்டுக்குள் போகும் என்று சத்தியம் செய்து ஏற்றிய கண்டக்டர், பைபாஸில் பஸ் ஏறியதும் "இங்கயே எறங்கிக்கோங்கம்மா" என்றார். நான் விடவில்லை. நான் கத்தக் கத்த அவரும் கத்த, திண்டிவனமே பின்னால் போய்விட்டது. டோல்கேட்டில் இறக்கிவிட்டார்கள். நான் போகவேண்டிய ஊருக்கு அதுதான் கிட்டம் என்று இறங்கிய பிறகு தெரிந்தது. அதற்காகக் கோபம் போய்விடுமா என்ன?

ரோட்டோரக் கடையில் லாரிக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்து பொங்கல் கேட்டேன். வைத்தபடியே அச்சாக நின்றது. கரண்டியால் வெட்டித்தான் சாப்பிட வேண்டியிருந்தது. பிறகு ஒரு ஷேர் ஆட்டோ. டிரைவர் பாதி வழியில் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அந்த புத்தர் கோயிலுக்கா போறீங்க? அது காலனில கீதுங்க. ஊருக்குள்ள எறக்கி உட்டுர்றேன். மதகத் தாண்டி நடந்துக்கினு போய்டுங்க."

"ஏன், மதகுக்கு அந்தப் பக்கம் உங்க ஆட்டோ ஓடாதா?" என்றேன்.

"சொம்மா எதுக்குங்க பேஜாரு" என்றார். எதற்கு என்று எனக்குத் தெரியும். எங்கள் அப்பா முகையூர்ப் பக்கத்து மனிதர். சொந்தமாக ஒரு பிடி மண் இல்லாமல் பதினாறு வயதில் சென்னைக்குக் கிளம்பி வந்தவர். அவர் விட்டுவிட்டு வந்த மதகு இன்னும் அங்கேயே இருக்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

விகாரை என்றதும் நான் என்னென்னவோ நினைத்திருந்தேன். சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு கூடம், நீல பெயிண்ட், மூன்று அறை, ஒரு கைபம்பு, அவ்வளவுதான். உள்ளே வெள்ளைப் பளிங்கில் புத்தர். பக்கத்துச் சுவரில் நீலக் கோட்டுக்காரர் படம். யார் என்று சொல்லவா வேண்டும்? காலனிக்காரர்கள் ஆளுக்கு ஒரு நாள் கூலியைப் போட்டுக் கட்டியதாம். தரை அவ்வளவு சுத்தமாக இருந்தது. எங்கள் வார்டில் அப்படி ஒரு தரையை நான் பார்த்ததில்லை.

அங்கே இரண்டு பிக்குகள். ஒருவர் அந்தக் காலனியிலேயே பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் குமார். எல்லோரும் 'பந்தே' என்று கூப்பிட்டார்கள். சாமி என்பது போல அது. நாற்பது வயது ஆகியிருக்காது. பர்மாவில் பல வருடம் படித்துவிட்டு வந்தவர். இன்னொருவர் அந்த பர்மாவிலிருந்தே வந்து தங்கியிருந்தவர். அறுபதைத் தொடும் வயது, சிவந்த மேனி, பார்த்தாலே கும்பிடத் தோன்றும் முகம். ஆனால் துறவில் குமார்தான் மூத்தவர். எத்தனை மழைக்காலம் காவி கட்டியிருக்கிறார் என்பதுதான் அவர்கள் கணக்காம், வயது கணக்கில் வராதாம். உட்காருவது, நடப்பது, சாப்பிடுவது எல்லாவற்றிலும் குமார் முன்னால், பர்மாப் பெரியவர் பின்னால்.

மூன்றாவது ஆள் அஞ்சலை அக்கா. குமாரின் அம்மா. சமையல், கூட்டல், என்னைப்போல வரும் பெண்களுக்குத் துணை எல்லாம் அவர்தான். தினமும் காலையில் முதல் வேலையாகப் பெற்ற பிள்ளையின் முன்னால் மண்டியிட்டு மூன்று தரம் விழுந்து கும்பிடுவார். எனக்குச் சுருக்கென்றது. "ஏன்க்கா, அவருதான உங்க காலுல விழணும்?" என்றேன்.

அவர் சிரித்தார். "அந்தத் துணிக்கித்தான் உழறேன் நர்சம்மா. அவனுக்கா உழுவேன்? மூக்கு ஒழுவிக்கினு திரிஞ்ச பையன் தான?"

மதியத்துக்குமேல் சாப்பாடு கிடையாது என்பது அங்கே விதி. பிக்குகளுக்கு மட்டுமல்ல, தங்க வந்தவர்களுக்கும்தான். பாலில்லாத டீ குடிக்கலாம். முதல் நாள் சாயங்காலம் எனக்குக் கண் இருண்டது. கோபத்தைக் குறைக்க வந்தவளைப் பட்டினி போட்டால் எப்படிக் குறையும் என்று யாராவது யோசித்தார்களா? அஞ்சலை அக்கா கொல்லைப்பக்கம் கூப்பிட்டு அவித்த மல்லாட்டையை மடியில் கொட்டினார். "துன்னு. பந்தே கிட்ட சொல்லிக்காத." சூடான வேர்க்கடலை அவ்வளவு ருசி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை பிக்குகள் பாத்திரம் ஏந்திப் புறப்பட்டார்கள். பிச்சை என்று சொல்லக்கூடாது. அவர்கள் கேட்பதில்லை, கூப்பிடுவதும் இல்லை. குனிந்த பார்வையோடு ஒவ்வொரு வாசலிலும் கொஞ்ச நேரம் நிற்பார்கள். போட்டால் வாங்குவார்கள், போடாவிட்டால் நகர்ந்துவிடுவார்கள். அன்று அந்தப் பாத்திரத்தில் விழுந்ததுதான் சாப்பாடு. பழம் கிழம் வந்தால் போட்டுக்கொள்ள ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். காலனி வாசல்களில் குளித்து முடித்த பெண்கள் காத்திருந்தார்கள். கேப்பைக் களி, கீரை, கருவாட்டுக் குழம்பு எல்லாம் ஒன்றாக விழுந்தது. கருவாடா என்று முழித்தேன். போட்டது எதுவோ அதுதான் என்றார் பந்தே.

தெருமுனை மதகு வந்ததும் பந்தே திரும்பினார். பர்மாப் பெரியவர் உடனே திரும்பாமல் நின்று பார்த்தார். மதகுக்கு அப்பால் தெரு நேராகப் போனது. ஓட்டு வீடு, மாடி வீடு, டிராக்டர் எல்லாம் தெரிந்தது. விகாரைக்கு வந்த பிறகு பெரியவர் பந்தேயிடம் ஏதோ கேட்டார். என்ன என்று நான் விடாமல் நச்சரித்ததும் பந்தே தமிழில் சொன்னார்: "'எந்த வாசலையும் விடாம வரிசையா நடக்கணும்னுதானே விதி? நீங்க ஏன் பாதியில திரும்புறீங்க?'ன்னு கேக்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. பயம்னு சொல்ல வெக்கமா கீது. நாளிக்கி மதகத் தாண்டிப் போவப்போறேன்."

அன்று பகலில் காய்கறி வாங்க அஞ்சலை அக்காவோடு திண்டிவனம் போனேன். டவுன் பஸ்ஸில் தலைக்குமேல் ஸ்பீக்கர் அலறியது. பந்தே மதகைத் தாண்டிப் போகப்போகிறாராம் என்று அவரிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. பாட்டுச் சத்தத்தை மீறி, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தித்தான் அவரால் சொல்ல முடிந்தது.

"அந்தத் தெருவுல நானும் சட்டி தூக்கிக்கினு நின்னவதான் நர்சம்மா! சின்னப் பொண்ணு நான். எங்கம்மா கூட போவேன். கொல்லப்பக்கம் நின்னுக்கினு யம்மா யம்மான்னு கத்தணும். மீந்த கூழு, மீந்த சோறு கொணாந்து ஊத்துவாங்க. எப்பிடி ஊத்துவாங்க தெர்மா? ஒசரத்துலருந்து! கரண்டி எஞ்சட்டியில பட்டுட்டா தீட்டாம். மேலெல்லாம் தெறிக்கும். கையி வெந்து பூடும். எம்புள்ளைய அந்த வாசல்ல நிக்க வெக்கவா பெத்தேன்? கழனி வேலைக்கிப் போனேன், கல்லு செமந்தேன், படிக்க வெச்சேன். சட்டியத் தூக்கி எறிஞ்சிட்டு வந்த குடும்பம் எங்களுது!"

முன்சீட்டு ஆள் திரும்பிப் பார்த்தார். "என்ன பாக்கறே?" என்று நான் அவர்மேல் பாய்ந்தேன். பாவம், அவர் ஸ்டாப் வந்ததா என்று பார்த்திருக்கலாம்.

சாயங்காலம் அம்மாவும் பிள்ளையும் கூடத்தில் மோதிக்கொண்டார்கள். பந்தே என்ற மரியாதையெல்லாம் காற்றில் போய்விட்டது.

"டேய் குமாரு, நீ அங்க போவக்கூடாது."

"நீ கூப்பிட்டுக்கினு நின்னம்மா. நான் கூப்புட மாட்டேன். கேக்கவும் மாட்டேன். முன்வாசல்ல, நடுத்தெருவுல நிப்பேன்."

"எங்க நின்னாலும் சட்டி சட்டிதான்டா!"

நான் அக்கா பக்கம். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். உங்கள் விதிக்காக ஒரு தாயை இப்படி அழவைப்பீர்களா, அந்தத் தெருவுக்கு நீங்கள் எதை நிரூபிக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அம்மா நின்ன எடத்துல நான் ஒரு வாட்டியாவது நின்னு பாக்கணும் நர்சம்மா. போடறாங்களோ இல்லியோ. அந்தத் தெருவ இப்பிடியே உட்டுட்டு, காலனிக்குள்ளயே சுத்திக்கினு, நான் துறவின்னு சொல்லிக்கினா எனக்கே அது பொய்யா கீது. நீங்களும் வாங்க. ஆனா என்ன நடந்தாலும் வாயத் தொறக்கக் கூடாது."

என்னிடம் போய் இந்த நிபந்தனை! ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் காலை அக்கா மதகுவரை வந்தார். அதற்குமேல் வரவில்லை. சிமெண்ட் கட்டையில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஊர்த் தெரு எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தியது. முதல் இரண்டு வீடுகளில் யாரும் வரவில்லை. மூன்றாவது, பச்சை கேட் போட்ட மாடி வீடு. அந்த வீட்டுக் கழனியில்தான் அஞ்சலை அக்கா நாற்று நடப்போவார் என்று பிறகு தெரிந்தது. வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். பர்மாப் பெரியவர் முகத்தைப் பார்த்ததும் அவருக்குக் கை தானாகக் குவிந்தது. உள்ளே ஓடி ஒரு தூக்கில் பொங்கலும் இன்னொன்றில் ஆவி பறக்கும் சாம்பாரும் கொண்டுவந்தார். முன்னால் நின்ற பந்தேயை, மின்சாரக் கம்பத்தைச் சுற்றிப் போவதுபோலச் சுற்றிக்கொண்டு, நேரே பின்னால் இருந்தவரிடம் போனார். அவர் பாத்திரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, கரண்டியைத் தாழ்த்தினார்.

பெரியவர் பாத்திரத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

துறவில் மூத்தவர் வாங்காமல் இளையவர் வாங்கக் கூடாது. அதுவும் விதி. பேசவும் கூடாது என்பதால் தலையை மட்டும் பந்தேயின் பக்கம் லேசாகச் சாய்த்தார்.

"இன்னாங்க, சாமி வேணாங்கறாரு?" என்று அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவரே புரிந்துகொண்டார். "ஓ, இவனுக்குப் போட்டாத்தான் அவரு வாங்குவாராட்டம் கீது. நம்ம அஞ்சல மவன் தான இவன்?" என்றபடி பந்தேயிடம் திரும்பினார். கை மேலே போனது.

அவர் வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தோள் உயரத்துக்குக் கை தானாகப் போயிற்று. பொங்கல் தொப்பென்று விழுந்தது. அடுத்து சாம்பார். பாத்திரத்தில் பாதி, மீதி பந்தேயின் மணிக்கட்டிலும் காவியிலும். அவர் பாத்திரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த அம்மா மறுபடி பெரியவரிடம் போய்க் குனிவதற்குள் அவர் நகர்ந்துவிட்டார். தெரு முடியும்வரை எந்த வீட்டிலும் பாத்திரத்தைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. ஆபரேஷன் தியேட்டரில்கூட அவ்வளவு நேரம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதில்லை.

விகாரையில் பந்தேயின் மணிக்கட்டைப் பார்த்தேன். சிவந்து தடித்திருந்தது. மருந்தை எடுத்துக்கொண்டு கிட்டே போனால், "மருந்த துணிமேல வெச்சிருங்க, நான் எடுத்துக்கறேன். பொண்ணுங்க தொடக்கூடாது" என்றார்.

அவ்வளவுதான். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் வெடித்துவிட்டது. "அவ தொட்டுடக் கூடாதுன்னு மேலருந்து ஊத்துறா. நீங்களும் தொடக் கூடாதுங்கறீங்க. உங்களுக்கும் அவளுக்கும் என்னங்க வித்தியாசம்?"

பந்தே கையை நீட்டினார். "வைத்தியத்துக்குத் தோஷம் கெடயாது. போடுங்க." நான் மருந்து போட்டுவிட்டேன்.

பெரியவர் ஏதோ கேட்டார். பந்தே மொழிபெயர்த்தார்: "'எனக்கு மட்டும் அந்த அம்மா ஏன் குனிஞ்சாங்க?'ன்னு கேக்கறாரு."

"சொல்லுங்களேன்."

"அவரு பாஷையில அதுக்கு வார்த்த எனக்குத் தெரியாது நர்சம்மா." இருந்த பொங்கலை இருவரும் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள்.

அஞ்சலை அக்கா மகனின் காவியைத் துவைக்க எடுத்துக்கொண்டுபோனவர் கைபம்படியில் அப்படியே நின்றுவிட்டார். நாங்கள் யாரும் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கறையை விரலால் தடவினார். தெறித்திருந்த விதத்தைப் பார்த்தார். "ஒசரத்துலருந்து ஊத்துனாளா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

அழுவார் என்று நினைத்தேன். துணியை உதறிக் கொடியில் போட்டார். "நான் தொவைக்க மாட்டேன். நாளிக்கும் அந்த ஊட்டுக்கே போவட்டும். இந்தக் கறையோடவே போவட்டும். நானும் வர்றேன்."

"அக்கா, அவங்க கழனியிலதான உங்களுக்கு வேல?"

"ஆமா. அதனாலதான் வர்றேன்."

அடுத்த காலை பந்தே, பர்மாப் பெரியவர், அஞ்சலை அக்கா, கடைசியில் நான். மதகை அக்கா நிற்காமல் தாண்டினார். பச்சை கேட் திறந்தது. அந்த அம்மா இன்றைக்கும் பொங்கலோடுதான் வந்தார், சந்தோஷமாகவே வந்தார். காவியில் காய்ந்திருந்த கறையைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அக்காவைப் பார்த்தார். "இன்னா அஞ்சல, நீயும் வந்துட்ட?"

"வந்தேன்மா. போடுங்க."

கரண்டி பந்தேயின் பாத்திரத்துக்கு நேரே மேலே போனது. அக்கா ஓரடி எடுத்து வைத்து, அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, பிடித்த கையைக் கீழே இறக்கினார். கரண்டி பாத்திரத்தின் விளிம்பில் டங்கென்று பட்டது.

"எறக்கிப் போடுங்கம்மா. இந்த அரிசி நான் நட்ட நாத்துதான? அப்ப ஒட்டாத தீட்டு இப்ப ஒட்டிக்குமா?"

உள்ளேயிருந்து ஒரு ஆண்குரல் என்ன என்ன என்று கேட்டது. அந்த அம்மா கரண்டியைக் கவிழ்த்தார். பொங்கல் சத்தமில்லாமல் விழுந்தது. பிறகுதான் பர்மாப் பெரியவர் பாத்திரத்தைத் திறந்தார்.

நாங்கள் அடுத்த வீட்டுக்கு நகரும்போதே பின்னால் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வாசல் குழாயடியில் அந்த அம்மா மணிக்கட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்குத் தலைக்கு ஏறியது. "பாருங்கக்கா அவளை! போய் ரெண்டு கேட்டுட்டு வர்றேன்" என்று பையைக் கீழே வைத்தேன்.

அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கழுவட்டும் உடு. நாளிக்கும் வருவோம். எத்தினி நாளிக்கித்தான் கழுவுவா, அதயும் பாப்போம்."

அன்று மதியமே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து லீவை நீட்டிக்கச் சொன்னேன். "ஏன் ஸ்டெல்லா, கோபம் இன்னும் இறங்கலையா?" என்று கேட்டார் மேட்ரன். இல்லை என்றேன்.